ஏதோ ஒரு புள்ளியில்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வகுப்புக்கு ஒன்பதரைக்கே வந்து, கதவு திறக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். நூலகத்தின் மேல்மாடியில் ஒரு கூடம், இருபது நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு அங்கே நான் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் வாசலைத் தாண்டினால் ஆங்கிலம்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஜோடிச் செருப்பு வைத்துக்கொள்வதுபோல இரண்டு மொழியோடு வாழ்கிறோம். வெளிச் செருப்பு சிலருக்குக் காலைக் கடித்துக்கொண்டே இருக்கும். அவர்கள்தான் என் மாணவர்கள். பேக்கரியில் மாவு பிசைகிறவர், ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர், துணி தேய்க்கும் கடையில் இருக்கும் இரண்டு பெண்கள். அவர்களோடு ஐம்பத்து நான்கு வயதில் வந்து சேர்ந்தார் இந்த லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது வாரத்திலேயே எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன் ஆகிவிட்டார்.

முதல் நாள் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். மற்றவர்கள் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். இவர் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "இன் கேஸ் ஆஃப் ஃபயர், யூ மஸ்ட் நாட் யூஸ் த லிஃப்ட்" என்றார். தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. வகுப்பே சிரித்தது. இன்னொன்று சொல்லுங்கள் என்றேன். "பிஃபோர் ஓபனிங் த பேனல், யூ மஸ்ட் ஸ்விட்ச் ஆஃப் த பவர்." மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

"நான் கத்துக்கிட்ட இங்கிலீஷ் எல்லாம் சுவத்துல ஒட்டியிருந்ததுதான் டீச்சர்" என்றார். "அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். முன்னாடி ஒரு சின்னத் துண்டு வரும், அது எப்போன்னு சொல்லிடும். அப்புறம் மஸ்ட், ஷுட், மே ஏதாவது வரும். அது செய்யணுமா, செய்யலாமா, கூடாதான்னு சொல்லிடும். முப்பது வருஷமா அதை நம்பித்தான் வேலை செய்யறேன். பாருங்க, பத்து விரலும் இருக்கு."

பத்து விரலையும் விரித்துக் காட்டினார். எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் நகக்கண்களில் கறுப்பாக நின்றது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அவ்வப்போது சொன்னதுதான். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில் வேலை. அவர் பொறுப்பில் பதினாறு கட்டடங்கள். தங்கியிருந்தது ஒற்றை அறையில், மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லும்போது மட்டும் தானாகச் சிரிப்பார். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கேட்கிறவர்களும் ஒரு வயசுக்கு மேல் கேட்பதை விட்டுவிட்டார்கள். வேறு ஊரில் ஓர் அக்கா இருந்தார். வாரம் ஒருமுறை போன் செய்து, "சாப்பிட்டியா, உடம்பு எப்படி, மழை வருதா" என்ற மூன்று கேள்வியை முறை தவறாமல் கேட்பார். மற்றபடி அவர் வேலை நடந்ததெல்லாம் மனிதர் இல்லாத இடங்களில். மொட்டை மாடிக்குக் கீழே மோட்டார் அறை, லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழி, பெட்டியின் கூரை. மக்கள் உள்ளே இருக்கும்போது அவர் வெளியே இருப்பார். அவர் உள்ளே இருக்கும்போது கதவில் 'வேலை நடக்கிறது' என்று பலகை தொங்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"டீச்சர், அட் சம் பாயிண்ட்னா எந்தப் பாயிண்ட்?"

"எங்கே படிச்சீங்க?"

"படிக்கல. ஒருத்தங்க சொன்னாங்க."

அப்புறம்தான் அந்தக் கதை வந்தது. அவர் பொறுப்பில் இருந்த எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டு மாதம் முன்பு, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே எட்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா. எழுபது வயது இருக்கும், ஆங்கிலம் மட்டும்தான். இவர் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டான். உள்ளே அந்த அம்மா கதவைத் தட்டத் தொடங்கினார்.

"மூச்சு வாங்கற சத்தம் எனக்குக் கேக்குது டீச்சர். ஏதாவது பேசணும். என்கிட்ட என்ன இருக்கு? ஆறாம் மாடிக் கதவுகிட்ட குனிஞ்சு நின்னுக்கிட்டு, 'ஃபார் யுவர் சேஃப்டி, யூ மஸ்ட் நாட் ஓபன் த டோர்'னேன். அப்புறம், 'இன் எ ஷார்ட் டைம், யூ வில் பி ரிலீஸ்ட்'னேன். உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் வந்துச்சு."

இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்கள் விடுதலை செய்யப்படுவீர்கள் என்று கதவுக்கு வெளியே ஒருவர் அறிவித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்ததும் அந்த அம்மாவுக்கு மூச்சு சீரானது. இவருக்குத் தைரியம் வந்துவிட்டது. தெரிந்த அறிவிப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நீச்சல் குள அறிவிப்பு, ஆஸ்பத்திரி அறிவிப்பு, பூங்காவில் நாயைக் கட்டி வைக்கச் சொல்லும் அறிவிப்பு. நாற்பது நிமிடம். ஒன்று முடிந்ததும் அந்த அம்மா உள்ளேயிருந்து, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டாராம்.

"என் வாழ்க்கையிலயே ஒருத்தர்கிட்ட அவ்வளவு நேரம் நான் பேசினதில்ல" என்றார்.

பெட்டி இறங்கி, கதவு திறந்து, வெளியே வந்த அந்த அம்மா இவருடைய கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னது: "அட் சம் பாயிண்ட், யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர்."

"மஸ்ட்னு சொல்லிட்டாங்க டீச்சர். அது புரிஞ்சுது. முன்னாடி வந்த துண்டுதான் புரியல. எங்க தொழில்ல பாயிண்ட்னா லிஃப்ட் நிக்கற இடம். எந்த இடம்னு அப்புறமா சொல்வாங்கன்னு ரெண்டு மாசமா பாத்துக்கிட்டிருக்கேன். சொல்லவே இல்ல."

எனக்கு அன்று வீட்டுக்குப் போகிற அவசரம். "ஏதோ ஒரு சமயத்துலன்னு அர்த்தம் அண்ணா. உங்களுக்குத் தோதான ஒரு நாள்" என்றேன்.

"மஸ்ட்னா கட்டாயம்தானே?"

"கட்டாயம்தான்."

இரண்டு பதிலும் அகராதிப்படி சரி. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்ப நினைத்திருக்கிறேன். பையை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்தபடி, ஒரு மனிதருக்கு அகராதியை எடுத்து நீட்டிவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. படிக்கட்டு காலியாக இருந்தது. போன் செய்தால், "வேலை அதிகம் டீச்சர்" என்றார். நான்காவது ஞாயிறு வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும், யாரோ மூன்றாவது ஆளுக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தோதான நாள் என்று ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டார். புதுச் சட்டை வாங்கினார். நம் வகுப்பு பேக்கரிக்காரரிடம் சொல்லி ஒரு கேக். சாயந்தரம் ஆறரைக்குப் போனார். அந்தக் கட்டடத்து லிஃப்டில் எட்டு வருடமாக வேலை செய்தவர், அன்றுதான் பயணியாக உள்ளே நின்று எட்டை அழுத்தினார். கதவு மணியை அடித்தார். உள்ளே தட்டுகளின் சத்தம், பலர் பேசும் சத்தம். வெளியூரில் இருக்கும் அந்த அம்மாவின் மகன் அன்று வந்திருக்கிறான், நண்பர்களோடு விருந்து. இவருக்கு அது தெரியாது. சத்தத்தைக் கேட்டதும், தனக்காகத்தான் இத்தனை பேரா என்று ஒரு கணம் நினைத்தாராம்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கவலை. "ஓ! இஸ் இட் த லிஃப்ட் அகெய்ன்?"

மறுபடியும் லிஃப்டா?

"நான் என்ன சொல்லட்டும் டீச்சர்? வாயில வெச்சிருந்ததெல்லாம் போயிடுச்சு. 'யெஸ் மேடம், செக்கிங்'னேன்."

"தேங்க் யூ, யூ ஆர் ஸோ கைண்ட்" என்று கதவு மூடியது.

செக்கிங் என்று சொல்லியாகிவிட்டது, சொன்னதைச் செய்ய வேண்டுமே. கேக் பெட்டியைத் தரையில் வைத்தார். பேனல் சாவி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். லிஃப்டை நிறுத்தி, பலகையை மாட்டி, புதுச் சட்டையோடு மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். உருளைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு ஸ்க்ரூ லூஸாத்தான் இருந்துச்சு டீச்சர். போனது வீண் போகல. விருந்துக்கு லேட்டா வந்த ரெண்டு பேர் எட்டு மாடி ஏறி நாக்குத் தள்ளி நின்னாங்க. பொய் சொல்லக் கூடாது, அது மட்டும் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கேக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நான்கு நாள் காலையில் அதையே டீயோடு சாப்பிட்டதாகச் சொன்னார். ஒற்றை ஆளுக்குப் பெரிய கேக்.

அன்றைக்குத்தான், ஒரு மாதம் தாமதமாக, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுவரில் ஒட்டிய ஆங்கிலத்தில் முன்னால் வரும் துண்டு நேரத்தைச் சொல்லும். மனிதர்கள் பேசும் ஆங்கிலத்தில் அது பல சமயம் பின்னால் வருவதன் பலத்தைக் குறைப்பதற்காகவே வரும். நாளை வரவேண்டும் என்றால் அது அழைப்பு. ஏதோ ஒரு சமயம் வந்தே ஆகவேண்டும் என்றால், அந்த 'ஏதோ ஒரு சமயம்' பின்னால் வரும் 'ஆகவேண்டும்' என்பதன் காற்றைப் பிடுங்கிவிடும். மிச்சம் இருப்பது அன்பு மட்டும். அது பொய்யில்லை. அந்த அம்மாவுக்கு அந்த நிமிடம் உண்மையாகவே நன்றி இருந்தது. சாப்பாடுதான் இல்லை.

"நம்மளும் சொல்றோமே அண்ணா, ஒரு நாளைக்குக் கண்டிப்பா வீட்டுக்கு வரணும்னு" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "ஆமா. நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! எவனாவது நிஜமாவே வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ரூம்ல ஒரு தட்டுதான் இருக்கு."

தமிழில் அவருக்குத் தெரியாததில்லை. ஆங்கிலத்தில் அவரிடம் யாரும் அதற்கு முன் அப்படி எதுவும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் காது திறந்துகொண்டது. லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்கள், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பெட்டியின் கூரைமேல் நிற்பான் என்று நினைக்க மாட்டார்கள். முப்பது வருடமாக அவர்கள் பேச்சு அவருக்கு மோட்டார் இரைச்சலோடு சேர்ந்த இன்னொரு இரைச்சல். இப்போது அதில் சொற்கள் பிரிந்து கேட்டன. வாரா வாரம் கொண்டுவந்தார். "வித் எனி லக், வீ மைட் கெட் எ சீட்." அதிர்ஷ்டம் இருந்தால் இடம் கிடைக்கலாம். "அட் திஸ் ரேட், வீ வில் நெவர் ஃபினிஷ்." இந்த வேகத்தில் போனால் முடிக்கவே மாட்டோம். "இன் தட் கேஸ், யூ குட் ஹாவ் டோல்ட் மீ." அப்படியென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. கடைசியாகச் சொன்னதைக் கணவனிடம் ஒரு மனைவி சொன்னாராம். அதன் பிறகு ஏழு மாடியும் இருவரும் பேசவே இல்லையாம்.

என் பாடப் புத்தகத்தில் இதெல்லாம் தலையும் காலும் வெட்டிய வாக்கியங்களாக இருக்கும். அவர் கொண்டுவந்தவற்றில் ஆள் இருந்தார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவர் சொல்வதைப் பலகையில் எழுதத் தொடங்கினேன். தேய்க்கும் கடைப் பெண்கள் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். "லிஃப்ட் அண்ணன் இந்த வாரம் என்ன கேட்டாரு?" என்பதுதான் வகுப்பின் முதல் கேள்வி. அந்த இரண்டு மூன்று மாதம் அவர் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

ஒரு ஞாயிறு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பை நவ், ஹி ஷுட் ஹாவ் கால்ட்."

"இந்நேரம் அவன் கூப்பிட்டிருக்கணும்" என்று தமிழில் சொன்னேன்.

"ஷுட்னா புத்திமதின்னு சொன்னீங்க டீச்சர். மருந்து சாப்பிடணும், சீக்கிரம் தூங்கணும், அது மாதிரி. இங்க புத்திமதி யாருக்கு? பக்கத்துல அவன் இல்லையே."

நான் எழுதுவதை நிறுத்தினேன். பத்து வருடம் சொல்லிக்கொடுத்தும் நான் அதை அப்படிப் பார்த்ததில்லை. முன்னால் 'இந்நேரம்' வந்துவிட்டால் அந்த ஷுட் புத்திமதி இல்லை, காத்திருப்பது.

"யார் சொன்னது அண்ணா?"

எட்டாம் மாடி அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு லிஃப்டுக்காக நின்றபோது சொன்னது. அந்தப் பெண் ஆறுதலாக, மகன் வேலையாக இருப்பான் என்றாளாம். அதற்கு அந்த அம்மா சொன்னதையும் இவர் வரி மாறாமல் வைத்திருந்தார்: "அட் ஹிஸ் ஏஜ், ஹி கேன் பி பிஸி. அட் மைன், ஐ கேன் ஒன்லி வெயிட்." அவன் வயசில் அவன் வேலையாக இருக்கலாம். என் வயசில் என்னால் காத்திருக்கத்தான் முடியும்.

பேக்கரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா எப்போது லிஃப்டுக்கு வந்தாலும் இவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மகன் கூப்பிட்டானா இல்லையா என்பது இவருக்கும் ஒரு கவலையாகிவிட்டது. பன்னிரண்டு நாளாகியும் கூப்பிடவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

"வேண்டாம் அண்ணா. அவங்க உங்ககிட்ட சொல்லல. நீங்க ஒட்டுக்கேட்டது. கேட்ட மாதிரியே காட்டிக்காதீங்க."

"ஒட்டுக்கேக்கல டீச்சர். நான் நின்ன இடம் அது."

இரண்டும் உண்மைதான். அந்த வாரம் நான் நடத்திய பாடம் மஸ்ட் ஹாவ். கட்டாயம் என்று அவருக்குத் தெரிந்த அந்தச் சொல், நிச்சயம் நடந்திருக்கும் என்ற ஊகத்துக்கும் வரும் என்று சொல்லியிருந்தேன். புதன்கிழமை கீழ்த்தளத்தில் அந்த அம்மா தனியாகக் கையில் பையோடு வந்தபோது, இவர் எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று சொன்னார்: "மேடம், பை நவ், யுவர் சன் மஸ்ட் ஹாவ் கால்ட்."

இந்நேரம் உங்கள் மகன் கட்டாயம் கூப்பிட்டிருப்பார். இலக்கணத்தில் ஒரு குறை இல்லை. ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஹவ் டு யூ நோ அபவுட் மை சன்?" உங்களுக்கு எப்படித் தெரியும்? இவர் லிஃப்டைக் காட்டினார். மேலே கையைக் காட்டினார். கூரைமேல் நிற்பதை விளக்கப் பார்த்தார். விளக்க விளக்க அது இன்னும் மோசமானது. அந்த அம்மா லிஃப்டில் ஏறவில்லை. எழுபது வயதில், பையோடு, படியில் ஏறிப் போனார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகன் கூப்பிடாததை மறைத்து வைத்திருந்தவரிடம், கிரீஸ் கையோடு ஒருவர் வந்து அதையே ஆறுதலாகச் சொன்னால், மறைத்ததெல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்றுதானே தோன்றும்?

அடுத்த வாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போனது. அதன் நகலை அவர் வகுப்புக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். குடியிருப்பவர்களின் சொந்தப் பேச்சை மெக்கானிக் கேட்கிறார் என்று புகார். கடைசி வரி: "இன் ஃபியூச்சர், ஹி மஸ்ட் நாட் பி சென்ட் டு திஸ் பில்டிங்." இனிமேல் இவரை இந்தக் கட்டடத்துக்கு அனுப்பக் கூடாது.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "வேண்டாம் டீச்சர். இது சுவத்துல ஒட்டற இங்கிலீஷ். இது எனக்கு நல்லாவே புரியும்."

கம்பெனி அவரைத் திட்டவில்லை. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் வேண்டியிருந்தது, அங்கே மாற்றினார்கள். தண்டனை இல்லை, தேவை என்றுதான் மேற்பார்வையாளர் சொன்னாராம். இரண்டு வாரத்தில் புறப்பட வேண்டும்.

செய்தி கேட்ட அன்று எனக்குள் என்னவோ குறுகுறுத்தது. பத்து வருடத்தில் ஒரு மாணவரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வாங்க அண்ணா" என்றேன். சொன்ன வேகத்திலேயே, "புதன்கிழமை. ஆறு மணி. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடறேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சேர்த்தேன். அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். விலாசத்தை இரண்டு தடவை கேட்டார்.

புதன்கிழமை மதியம் என் மகளுக்குக் காய்ச்சல். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்ததும் இரண்டு முறை வாந்தி. விரிப்புகள் எல்லாம் வாளியில். கணவர் வர எட்டு ஆகும் என்றார். சமையல் பாதியில் நின்றது. ஐந்தரை மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல அண்ணா. இன்னிக்கு வேண்டாமே, கோச்சுக்காதீங்க. கிளம்பிட்டீங்களா?"

"இல்ல இல்ல டீச்சர். ரூம்லதான் இருக்கேன். நல்ல வேளை இப்பவே சொன்னீங்க. பாப்பாவப் பாருங்க."

அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே, அவருக்குப் பின்னால் பஸ்ஸின் அறிவிப்புக் குரல் கேட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு நிறுத்தம் முந்தின நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது.

எனக்குக் கேட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. வாங்கண்ணா, இருக்கிறதைச் சாப்பிடலாம், வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட நடை. அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். கூடத்தில் வாந்தி வாடை. "சரிண்ணா, போறதுக்குள்ள பாக்கலாம்" என்றேன். வைத்துவிட்டேன்.

மகளைத் தூங்கவைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். எதிர்ச் சாரியில் நிறுத்தம் தெரியும். யாரும் இல்லை. எந்தப் பஸ்ஸில் ஏறித் திரும்பினாரோ.

போவதற்குள் பார்க்கவில்லை. ஞாயிறு வகுப்புக்கு அவர் வரவில்லை, மூட்டை கட்டும் வேலை இருந்திருக்கும். திங்கட்கிழமை போய்விட்டார். தேய்க்கும் கடைப் பெண்கள் அவர் எப்படி இருக்கிறார் என்று என்னைத்தான் கேட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். அவரிடம் கேட்டுச் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பகலில் அவரே கூப்பிட்டார். பின்னால் ஏதோ கடைச் சத்தம்.

"டீச்சர், பாப்பா எப்படி இருக்கா?"

காய்ச்சல் அன்று போனதோடு சரி என்றேன். அந்தப் புதன்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "அட விடுங்க டீச்சர்" என்று அதற்கு மேல் போக விடவில்லை. புது இடத்தைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பதினொரு லிஃப்ட். மெக்கானிக் மூன்று பேர், எல்லோருக்கும் ஒரே அறை. அதில் ஒருவன் வாயை மூடவே மாட்டானாம். காலையில் ஆரம்பித்தால் சாயந்தரம்வரை தன் மச்சானைப் பற்றியே பேசுவானாம். "காது வலிக்குது" என்றார். சொன்ன குரலில் வலி இல்லை. ஆனால் அங்கே ஆங்கில வகுப்பு இல்லையாம். மற்ற நேரமெல்லாம் பழையபடி அறைதான். லிஃப்ட் உள்ள கட்டடம், அதுவும் நான்காம் மாடி. இரண்டு மாதமாக அது ரிப்பேர், சொந்தக்காரர் வேறு கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார், தான் கை வைக்க முடியாது என்று சிரித்தார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அக்கா வருகிறார், பத்து நாள் தங்க. இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவருக்கு முட்டி வலி. தரையில் படுக்க முடியாது.

"மெத்தை வாங்கலாம்னு கடைக்கு வந்திருக்கேன். கெட்டியா ஒண்ணு இருக்கு, மெத்துனு ஒண்ணு இருக்கு. முட்டி வலிக்கு எது நல்லது டீச்சர்? இதெல்லாம் யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. கெட்டியாக இருப்பது நல்லது என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் சொன்னேன்.

"இருங்க, கடைக்காரர் படுத்துப் பாக்கச் சொல்றாரு. செருப்பக் கழட்டணுமாம். அப்புறம் கூப்பிடறேன்."

நான் சரி என்பதற்குள் வைத்துவிட்டார். அன்று சாயந்தரம்வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. மறுவாரம் நான் இரண்டு முறை செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழிக்குள் இருந்திருப்பார், அங்கே சிக்னல் கிடைக்காது. அக்கா வந்தாரா, எந்த மெத்தையில் படுத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.